சிரிக்கச் செய்த தொழிலாளி

அழுகை, வியப்பு, அச்சம், வெகுளி முதலிய உணர்ச்சிகள் மாந்தர் அனைவர்க்கும் பொதுவானவை. தொல்காப்பியர் இவற்றை மெய்ப்பாடுகள் எனப் பெயரிட்டு எட்டாக வகுத்தார். அவ்வெட்டனுள்ளும் நகையையே முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்பது அவர் கருத்து. இவற்றுள் எள்ளல் என்பது கூரிய கத்தி போன்றது. கையாளத் தெரியாதவன் அதனால் பிறர் நெஞ்சைப் புண்படுத்தி விடுவான். அதனைத் திறம்படக் கையாண்டு, தொழிற்சாலைக் கூலியாளாக இருந்து புகழ்பெற்ற திரைப்பட நடிகராக உயர்ந்தவர் ஜானி லீவர்.

அவருடைய இயற்பெயர் ஜான் பிரகாச ராவ் என்பது. ஆந்திர நாட்டைச் சேர்ந்த தெலுங்குக் குடும்பம் ஒன்றில் 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் அவர் பிறந்தார். பம்பாய் என அந்நாளில் வழங்கிய மும்பை நகரில், தாராவிப் பகுதியில் வளர்ந்தார். தாராவி, உழைப்பாளிகள் நெருங்கி வாழும் இடம். தமிழர், தெலுங்கர், மராட்டியர், குசராத்தியர், வடநாட்டார் எனப் பல மொழியினரும் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரே தெருவில் பலவகைப் பேச்சும், பலவகை நடையும், பலவகைச் சினமும் சிரிப்பும் காணலாம். கூரிய செவி படைத்த சிறுவனுக்கு அத்தெருவே ஒரு கலைக்கூடமாயிற்று.

எனினும், அவர் விரும்பிய பள்ளி வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. உடன்பிறந்தார் பலருக்கு அவர் மூத்தவர். வீட்டில் வறுமை மிகுந்தமையால் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்தது. சில்லறை வேலைகள் பல செய்தார். தெருவில் நின்று எழுதுகோல்கள் விற்றார். “பேனா, பேனா” என்று வாளா கூவினால் யார் திரும்பிப் பார்ப்பர்? அவர் புகழ்மிக்க இந்தி நடிகர்களின் குரலில் கூவினார். அவர்களைப் போலவே ஆடியும் நடந்தும் காட்டினார். வழிப்போக்கர் நின்றனர், சிரித்தனர், எழுதுகோலும் வாங்கினர். வயிற்றுப் பசிக்காகத் தொடங்கிய விளையாட்டே பின்னர் வாழ்க்கைத் தொழிலாக மலர்ந்தது.

அவருடைய தந்தையார் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் பணியாற்றி வந்தார். மைந்தரும் அங்கேயே தொழிலாளியாகச் சேர்ந்தார். நாள் முழுதும் உடல் நோவ உழைக்கும் தோழர்களுக்கு அவருடைய விகடப் பேச்சு இளைப்பாற்றும் நிழலாக இருந்தது. ஒரு முறை, நிறுவனத்தில் நடந்த விழா ஒன்றில், உயர் அதிகாரிகள் சிலரைப் போலப் பேசியும் நடந்தும் காட்டினார். கூடியிருந்த தொழிலாளர் மகிழ்ந்து, “இனி நீ ஜானி லீவர்” என்றனர். அதிகாரிகளைப் போல நடித்துக் காட்டிய ஏழைத் தொழிலாளிக்கு அந்நிறுவனத்தின் பெயரே சிறப்புப் பெயராக வாய்த்தது. அவரும் அதனையே தம் பெயராகக் கொண்டார்.

அக்காலத்தில் மும்பையில் இன்னிசைக் குழுக்கள் பல இருந்தன. ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் இடையே ஒருவர் தனித்து நின்று விகடம் கூறுவது வழக்கம். துணைக்கு நடிகரும் இலர், திரைச்சீலையும் இல்லை, அவையோர் சிரிக்காவிடின் தப்பிச் செல்ல வழியும் இல்லை. இக்கடிய கலையில் ஜானி தேர்ச்சி பெற்றார். இசையமைப்பாளர்களான கல்யாண்ஜி ஆனந்த்ஜி ஆகியோரின் குழுவிலும் இடம்பெற்றார். மேடை வாய்ப்புகள் பெருகப் பெருக, வேலைக்குச் செல்லாத நாள்களும் பெருகின. மாதந்தோறும் தவறாது வரும் ஊதியம் ஒருபுறம். நாளை உண்டோ இல்லையோ என ஐயுறத்தக்க கலை மறுபுறம். பெருங்குடும்பத்தின் மூத்த மகனுக்கு இஃது எளிய முடிவன்று. 1981-ஆம் ஆண்டு அவர் துணிந்து வேலையைத் துறந்தார். அடுத்த ஆண்டே நடிகர் அமிதாப் பச்சனுடன் வெளிநாட்டுக் கலைப்பயணம் மேற்கொண்டார்.

நடிகரும் இயக்குநருமான சுனில் தத்து அவருடைய திறமையை உணர்ந்து, 1982-இல் வெளிவந்த ‘தர்து கா ரிஷ்தா’ என்னும் படத்தில் வாய்ப்பளித்தார். ஆயினும் திரைப்படம் மேடையினின்றும் வேறானது. மேடையில் சொல் முடியுமுன் அவையின் சிரிப்பு எழும். அச்சிரிப்பைக் கேட்டே கலைஞன் அடுத்த சொல்லை ஆராய்ந்து கூறுவான். ஒளிப்படக் கருவியோ சிரிப்பதில்லை. அதன்முன் நின்று, காணாத மக்களைக் கருத்தில் கண்டு நடித்தல் வேண்டும். இதனைக் கற்றுச் சிறு வேடங்களிலே அவர் பத்தாண்டுக்கு மேல் பொறுத்திருந்தார்.

1993-இல் வெளிவந்த ‘பாசிகர்’ அவருக்குப் பெரும்புகழ் தந்தது. பழிவாங்கலும் கொலையும் நிறைந்த அக்கதையில், மறதி மிக்க பணியாளன் பாபுலாலாக அவர் தோன்றினார். அவ்வேடத்துக்குரிய வேடிக்கைப் பேச்சுகளுள் பல அவரே அவ்வப்போது புனைந்துரைத்தவை. தெருவிலும் மேடையிலும் பெற்ற பயிற்சி அன்று பயன்பட்டது. அங்கே நகை எள்ளலில் பிறக்கவில்லை, பேதைமையிலே பிறந்தது. பின்னர், ‘தீவானா மஸ்தானா’ (1997), ‘தூல்ஹே ராஜா’ (1998) ஆகிய படங்களுக்காகச் சிறந்த நகைச்சுவை நடிகருக்குரிய பிலிம்பேர் பரிசைப் பெற்றார். அவர் நடித்த படங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. புகழ் வந்தபின்னும் மேடையை அவர் மறந்தாரல்லர். அவருடைய மகள் ஜேமி லீவரும் மேடை விகடக் கலையில் பெயர் பெற்றவர்.

பிறரைப் போலப் பேசிக்காட்டுதல் மாணவர்க்கும் இயல்பே. அப்போது ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வலியவர் எளியவரை எள்ளுவது நகைச்சுவை ஆகாது, அது கொடுமை. எள்ளப்பட்டவரும் உடனிருந்து சிரிக்கக் கூடுமாயின், அதுவே நல்ல நகைச்சுவை. உழைத்துக் களைத்தவரின் முகத்தில் ஒரு நொடி மலர்ச்சியைத் தோற்றுவிப்பவனும் உழைப்பாளியே. தொழிற்சாலையை விட்டு வந்த பின்னரும் ஜானி லீவர் செய்துவந்தது அந்த உழைப்பையே ஆகும்.