வலிக்காத கொப்புளம்

மேல்வரிசை முன்பல்லுக்குப் பக்கத்துப் பல். ரூட் கேனல் செய்து கேப் போட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதன் ஈறில் கடுகளவு கொப்புளம் வரும், உடையும், வாய் கரிக்கும், மறையும். வலியே இல்லை. பாம்பன் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டால் அமுங்கும். இப்படி இரண்டு வருஷம் ஓட்டினேன். முட்டாள்தனம்.

2023இல் மதுரைக்குக் கிளம்பினேன். பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்தியிருந்த சமயம். மண்டபம் வரை பஸ், பிறகுதான் ரயில். அங்கே பல் டாக்டரம்மா கொப்புளத்துத் துளையில் மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை நுழைத்து எக்ஸ்ரே எடுத்தார். குச்சி நேரே வேர்நுனியில் போய் நின்றது. அங்கே எலும்பு கரைந்து மிளகளவு கறுப்பு வட்டம். “சீழ் வெளியேற வழி கிடைச்சிருச்சுண்ணே, அதான் வலிக்கலை” என்றார். நரம்பு எடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. மாத்திரை அங்கே எட்டாதாம்.

ரூட் கேனலை மறுபடி செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் முதல் வழி. என் பல்லுக்குள் கம்பி இறக்கியிருந்ததால் அதைப் பிடுங்கினால் வேர் பிளக்கும் என்றார். ஆகவே வேர்நுனி அறுவை, அபிகோஎக்டமி. திறந்து பார்த்து வேரில் விரிசல் இருந்தால் பல்லையே எடுத்துவிடுவோம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்.

மரத்துப்போக ஊசி. ஈறைக் கீறி விலக்கி, எலும்பில் சின்னச் சன்னல் திறந்து, கெட்ட சதையைச் சுரண்டி, வேர்நுனியில் 3 மில்லிமீட்டர் வெட்டினார். கிருமி ஒளியும் கிளைக்குழாய்கள் அந்தக் கடைசித் துண்டில்தான் அதிகம். வெட்டுவாயை எம்.டி.ஏ. என்ற சிமென்ட்டால் அடைத்தார். 1990களில் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் உருவானது. கட்டடம் கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்தான் அடிப்படை, ஈரத்திலேயே இறுகும். கடலுக்குள் தூண் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை.

வலியைவிட வீக்கம்தான் அதிகம். மறுநாள் மூக்கோரம் வரை ஏறியது. முதல் நாள் ஐஸ், விட்டு விட்டு. கொப்பளிப்பதெல்லாம் அடுத்த நாளிலிருந்து, அதுவும் மெதுவாக. உதட்டைத் தூக்கிக் கண்ணாடி பார்த்து ஒரு தையலைப் பிய்த்துக்கொண்டேன்; நீங்கள் பார்க்காதீர்கள். சர்க்கரை இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டாலும் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசத்தில் கஞ்சி குடித்த அந்த ஒரு வாரம்தான் எனக்குப் பெரிய சோதனை.

வலியில்லையே என்று ஆறாம் மாத எக்ஸ்ரேயை விட்டுவிடப் பார்த்தேன். மனைவி விடவில்லை. வட்டம் பாதியாகியிருந்தது. வருஷம் முடிந்து எடுத்த படத்தில் அந்த இடம் எதுவென்று டாக்டரம்மா விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.