ஒற்றையா, இரட்டையா?

கலியாண வீட்டுக்குப் புறப்படுமுன், உறைக்குள் ஆயிரம் ரூபாத் தாளை வைத்துவிட்டு, மேசை லாச்சியைக் குடைந்து ஒரு ரூபாக் குற்றி தேடுவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். "இரட்டைப்படக் கொடுக்கக்கூடாது, ஆயிரத்தொன்றாய் இருக்கட்டும்" என்பார்கள். ஒற்றை எண்ணைச் சரிபாதியாய்ப் பிரிக்க இயலாது, மணமக்களும் பிரியாதிருக்கட்டும் என்பது சிலர் கூறும் விளக்கம்.

யப்பானியரும் இதே காரணம் சொல்லித் திருமணப் பணத்தை ஒற்றைப்படக் கொடுக்கின்றனர். சீனரோ, சோடி சேரும் நாளுக்குச் சோடி எண்ணே பொருத்தம் என்று இரட்டைப்படக் கொடுப்பார்கள். அதிலும் 4ஐ மட்டும் ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் மொழியில் அதன் ஒலி 'சாவு' என்னும் சொல்லின் ஒலியை ஒத்தது. ரஷ்யாவில் விருந்துக்குப் போகிறவர் இரட்டைப்படப் பூக்கள் கொண்டுபோகமாட்டார். அது மரணவீட்டுக்கு உரியது. எண்ணுக்கே ஒரு சக்தி இருந்தால், நாட்டுக்கு நாடு அது மாறுமா?

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரிலும் இந்தப் பயத்தின் தடம் உண்டு. பழைய உரோமர் இரட்டை எண்ணைக் கண்டு ஒதுங்கியவர்கள். யூலியஸ் சீசர் கி.மு. 46இல் நாட்காட்டியைத் திருத்துமுன், அவர்களுடைய மாதங்களில் நான்குக்கு 31 நாள், ஏழுக்கு 29 நாள். சந்திர ஆண்டின் 354 நாளோடும் ஒன்றைக் கூட்டி 355 ஆக்கியிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் ஒற்றை எண் வராதே! ஒரு மாதமாவது இரட்டைப்பட வேண்டியதாயிற்று. அந்த 28ஐ, சுத்திகரிப்புக்கும் இறந்தோர் நினைவுக்கும் உரிய பெப்ரவரியின் தலையில் கட்டினார்கள். உரோமர் போய்விட்டார்கள், பெப்ரவரியின் 28 போகவில்லை.

"வேதத்திலும் எண்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. திருத்தூதர் 12, திருவருட்சாதனங்கள் 7, சிலுவைப்பாதை நிலைகள் 14. இவற்றில் ஒற்றையும் இரட்டையும் கலந்தே கிடக்கின்றன. புனித அகுஸ்தீனுக்கு எண்களில் மிகுந்த நாட்டம். 6ஐ வகுக்கும் சிற்றெண்களான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. ஆகவே அது நிறைவான எண், படைப்பு ஆறு நாளில் முடிந்ததும் அதற்கேற்பவே என்று 'கடவுளின் நகரம்' என்ற நூலில் எழுதினார். அதே அகுஸ்தீன், இளமையில் சோதிடரை நாடித் திரிந்து, பின்னர் அதை உதறியவர். எண்ணில் அழகு காண்பது வேறு, எண்ணுக்குப் பயந்து நடப்பது வேறு. எனக்கும் படிகளை எண்ணி ஏறும் பழக்கம் உண்டு. ஒற்றையில் முடிந்தால் ஒரு திருப்தி. அந்த ஒரு ரூபாக் குற்றியும் அப்படித்தான். அதனால் எவருக்கும் நட்டமில்லை.

நட்டம் வேறிடத்தில். ஒற்றை ரூபாவைத் தேடும் அதே ஆட்கள், ஒற்றை எண்ணாகிய மூன்றுபேர் ஒன்றாய்ப் புறப்பட்டால் "காரியம் ஒப்பேறாது" என்று தடுப்பார்கள். எம்மாவுஸ் வழியில் இருவராய் நடந்தவர்களோடு மூன்றாமவராய்ச் சேர்ந்தவர் யார் என்பதை லூக்கா 24ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள்.

சில காலத்துக்கு முன், எங்கள் ஊரில் ஒரு வீட்டார் மகனுக்குப் பெண் கேட்டுப் போகப் புறப்பட்டனர். தகப்பன், தாய், தாயின் தமக்கை என மூவர். படலையடியில் யாரோ, "மூன்றுபேராய்ப் போகிறீர்களே" என்றார். நாலாவதாய் ஒருவரைச் சேர்த்திருக்கலாம். அயல்வீட்டுப் பொடியன் ஆயத்தமாய்த்தான் நின்றான். ஆனால் வாகனத்தில் ஏறியிருந்த தமக்கையைத்தான் இறங்கச் சொன்னார்கள். அவர் விதவை. எண்ணிக்கையின் பெயரால் எதைச் சொல்லிவிட்டார்கள் என்பது அவருக்கும் விளங்கிற்று, அங்கு நின்ற எங்களுக்கும் விளங்கிற்று. எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை அவருடையது. மாலையில் அவர்கள் திரும்பி வந்தபோது, அவர் சேலையை மாற்றிவிட்டு அடுப்படியில் அவர்களுக்குத் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.