ஊர் வரலாறு எழுத வரும் இளையவர்களுக்கு

‘வரலாற்றில் இன்று’ பகுதியைப் படித்துவிட்டு, நாமும் நம் ஊரைப் பற்றி எழுதலாமே என்று கிளம்புகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். நல்ல காரியம். உங்களுக்குச் சில வார்த்தைகள்.

1. நினைவு நாளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போங்கள். ஆனால் அந்த நாளை யார் குறித்தார்கள் என்று கேட்காமல் போகாதீர்கள். மொழிவழி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1. ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டச் சட்டமன்றம் தீர்மானித்தது 1967 ஜூலை 18. பெயர் நடப்புக்கு வந்தது 1969 ஜனவரி 14. அரசு 2019-இல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021-இல் ஜூலை 18 என்று அறிவித்தது. இதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள். திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்த அவர்களுக்கு நவம்பர் 1-க்கு ஈடான நாள் கிடையாது. அப்படிப் பிரிந்து வருவதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டவர்கள் அவர்களுடைய ஆட்கள்.

2. தலைவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நீங்கள் வழியைப் பாருங்கள். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டது எல்லோருக்கும் தெரியும். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். வீட்டுக்குக் கூப்பிட்டால்தானே குற்றம்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் ஊர்மக்கள். வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, பாதி மழித்தபோது எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்து கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சிறைக்கும் போனார். என்னைக் கேட்டால், அந்தப் போராட்டம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு மேடைப் பேச்சுகளைவிட இந்தப் பாதிச் சவரமே நல்ல சாட்சி.

3. கதை சுவையாக இருக்கிறதா? இரண்டு முறை சந்தேகப்படுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது உண்மை. உயர் நீதிமன்றச் சுவரில் அதற்குக் கல்வெட்டும் இருக்கிறது. அந்தக் கப்பலில் விடுதலைப் போராளி செண்பகராமன் இருந்தார் என்பது நாம் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டது. அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில் அரசியல் வேலையில் இருந்தார். அவருடைய உண்மையான வாழ்க்கையே போதிய வியப்புள்ளது.

4. பெரியவர்களிடம் “எந்த வருஷம்?” என்று கேட்காதீர்கள். “தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேளுங்கள். 1964 டிசம்பர் என்பதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

5. கல்லைப் படியுங்கள். முதல் உலகப் போருக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்று சொல்லும் சிறு பலகைக்கல் பல கிராமங்களில் இருக்கிறது. சில இடங்களில் சுண்ணாம்பு அடித்து மூடியிருக்கும். மெதுவாகத் துடையுங்கள், சுரண்டாதீர்கள்.

6. நினைவு நாள் விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடாதீர்கள். அனுமதி வாங்கவும், கட்டு எடுத்து வரவும் நேரம் பிடிக்கும்.

7. வேதாரண்ய யாத்திரைக்கு 2030-இல் நூற்றாண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருப்பவர்கள் இப்போதே வீடு வீடாகப் போய்க் கேட்கத் தொடங்குங்கள். அன்று சோறு கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே வயதாகிவிட்டது.