ஹீட்டருக்கு மட்டும் ஏன் பெரிய பிளக்?

கேள்வி: தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டருக்கு மட்டும் பெரிய பிளக், தடித்த வயர், தனி சுவிட்ச் என்ற ஏற்பாடு எப்படி வந்தது? எவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், சோமனூர்

பதில்: மூன்று உருண்டைக் கால் பிளக் பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1934-இல் வெளியான பி.எஸ். 546 தரம் 5 ஆம்பியருக்குச் சிறியதும் 15 ஆம்பியருக்குப் பெரியதுமாக அதை வகுத்தது. 1947-க்குப் பிறகு பிரிட்டன் பட்டைக் கால் பிளக்குக்கு மாறிவிட்டது; இந்தியா மாறவில்லை. இன்றைய ஐ.எஸ். 1293 தரத்தில் அவை 6, 16 ஆம்பியர் பிளக்குகள். எர்த் கால் நீளமாக இருப்பதால் முதலில் இணைந்து கடைசியில் பிரியும். தடிமனாக இருப்பதால் மற்றத் துளைகளில் நுழையாது.

2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் என்றால் 13. விளக்குக்கான 6 ஆம்பியர் சுவிட்ச் இதில் சூடாகி உருகிவிடும். 2,000 வாட்டுக்கு 2.5, அதற்கு மேல் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை மெயின் போர்டிலிருந்து தனி லைனாக இழுப்பது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம். சுவிட்ச் 20 ஆம்பியர் டபுள் போல் வகையாக இருக்கட்டும்: அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். சாதாரண சுவிட்சைத் தவறி நியூட்ரலில் இணைத்துவிட்டால், அணைத்த பிறகும் ஹீட்டருக்குள் கரண்ட் நிற்கும்.

சோமனூரில் விசைத்தறியும் வீடும் ஒரே வளாகத்தில் இருப்பது சகஜம். தறி லைனிலிருந்து ஹீட்டருக்கு வயர் இழுக்கவே கூடாது. மோட்டார்களுக்காகப் போட்ட பெரிய பியூஸ், ஹீட்டர் வயர் எரியும்வரை போகாமல் இருக்கலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து போர் தண்ணீரின் உப்பு. அது காயிலில் கெட்டியாகப் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். நாளடைவில் உறை வெடித்துக் கரண்ட் தண்ணீரில் இறங்கும். கோடையில் மண் காய்ந்து எர்த் குழியின் மின்தடையும் ஏறியிருந்தால் எம்.சி.பி. விழாமல் போகலாம். அது 16, 20 ஆம்பியரைத் தாண்டினால் துண்டிப்பதற்கானது. மனிதனைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்குகூட வேண்டாம்.

உடல் எவ்வளவு கரண்ட்டைத் தாங்கும் என்று ஆராய்ந்த கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 1961-இல் கசிவுக் கரண்ட்டைக் கண்டு துண்டிக்கும் கருவியை உருவாக்கினார். அதே வேலையைச் செய்யும் ஆர்.சி.சி.பி.யை இங்கு வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவில் வாங்க வேண்டும். செலவைக் குறைக்க வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது. அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் மாற்றிவிடுங்கள்.