கணக்கெழுதுபவரும் பட்டயக் கணக்கரும்

சிறுதொழில் நடத்துவோர் பலர், கணக்கெழுதுபவரும் பட்டயக் கணக்கரும் ஒரே பணியைச் செய்பவர்கள் என எண்ணுகின்றனர். அவ்விருவர் பணிகளும் வெவ்வேறானவை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு தையலகம், சரக்கு மற்றும் சேவை வரி நீங்கலாக ரூ.2,00,000 விலையில் ஓர் இயந்திரம் வாங்குகிறது. ரசீதைச் சரிபார்த்து, தேதி, தொகை, விற்றவர் பெயர் ஆகியவற்றை அன்றே ஏட்டில் பதிவதும், மாத இறுதியில் வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒப்பிடுவதும் கணக்கெழுதுபவரின் கடமை.

அத்தொகை செலவா, சொத்தா எனத் தீர்மானிப்பது பட்டயக் கணக்கரின் பணி. இயந்திரம் ஒரு சொத்து. வருமான வரிக் கணக்கில் அதற்குப் பொதுவாக ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் உண்டு. ஆகவே முதலாண்டில் கழிக்கத்தக்கது ரூ.30,000 மட்டுமே, அவ்வாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருப்பின் அதில் பாதி. முழு விலையையும் செலவாக எழுதிவிட்டால், இலாபம் ரூ.1,70,000 குறைந்து தோன்றும். வரித்துறை விளக்கம் கேட்கலாம். கடன் விண்ணப்பத்தை ஆராயும் வங்கியும், தொழிலின் திருப்பிச் செலுத்தும் திறனைக் குறைவாக மதிப்பிட நேரும்.

ஆதலால் ரசீதுகளை வாரந்தோறும் கணக்கெழுதுபவரிடம் சேர்ப்பியுங்கள். இயந்திரம் வாங்குமுன்னும் கடன் கோருமுன்னும் பட்டயக் கணக்கரைக் கலந்தாலோசியுங்கள்.