உரைக்கோப்பும் தரவுத்தளமும்

ஓலைச்சுவடியில் வாழ்ந்த தமிழ் நூல்கள் அச்சேறின. பின்னர்க் கணினியிலும் ஏறின. 1998ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வழங்கினர்.

இத்தகைய உரைக்கோப்பு வரிகளின் தொடர்ச்சியேயாகும். தரவுத்தளமோ நிரையும் நிரலும் கொண்ட அட்டவணை. திருக்குறளை அதில் ஏற்றக் குறள் எண், அதிகாரம், பாடல் என மூன்று நிரல்கள் வேண்டும். நிரல்களைப் பிரிக்கக் காற்புள்ளியைக் கொண்டால், பாடலினுள் வரும் காற்புள்ளியையும் எல்லையெனக் கருதிக் கணினி பாடலைத் துண்டாக்கிவிடும். ஆதலின் பாடலில் வாராத குறியையே தேர்தல் நன்று.

குறியாக்கமும் பொருந்த வேண்டும். மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல திஸ்கி முறையில் அமைந்தவை. பின்னரே ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. திஸ்கிக் கோப்பை ஒருங்குறியெனக் கொண்டு ஏற்றினால் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகச் சிதையும்.

ஏற்றியபின் எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது. 133 அதிகாரம், 1330 குறள். ஒன்று குறையினும், தேடுவோர்க்கு அக்குறள் இல்லாததாகிவிடும். யாவும் செம்மையாயின், நீலசந்திராவில் வாழும் மாணவி ‘நட்பு’ அதிகாரத்தைத் தேடிய நொடியில் 781 முதல் 790 வரையுள்ள குறள்கள் அவள்முன் தோன்றும்.

சொற்பொருள்
நிரை – கிடைவரிசை
நிரல் – நெடுவரிசை
தரவு – தகவல்

பயிற்சி
1. காற்புள்ளியால் விளையும் இடர் யாது?
2. பிரித்து எழுதுக: உரைக்கோப்பு, அச்சேறின.
3. ‘கல்வி’ 40ஆம் அதிகாரம். அதன் முதற்குறளின் எண்ணைக் கணக்கிடுக.