வேளச்சேரியில் ஓடிய கிளாசிக் 350

கேள்வி: ஐயா, 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் பளபளக்கிறது, செல்ஃபில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. 2018 வரை சென்னை வேளச்சேரியில் ஓடிய வண்டி. நம்பி வாங்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: ஊரையும் வருடத்தையும் பார்த்ததும் 2015 டிசம்பர் வெள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. அன்று வேளச்சேரியில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அதனால் பெயின்ட்டை மறந்துவிட்டு சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வயரிங் முடிச்சுகளில் பச்சை பூத்திருக்கிறதா, மூலைகளில் காய்ந்த வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரில் நின்றதாலேயே ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. உடனே ஆயிலை மாற்றி, சுத்தம் செய்திருந்தால் பிழைத்திருக்கும். சர்வீஸ் சென்டரில் வெள்ளத்தை ஒட்டிய மாதங்களின் ஜாப் கார்டு கிடைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்தது இன்ஜின். விடிகாலையில் போங்கள். கிளப்பும் முன் சைலன்சர் வளைவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். இந்த இன்ஜினில் ஹைட்ராலிக் டாப்பெட் என்பதால், குளிரில் கேட்கும் டிக்டிக் சத்தம் ஆயில் ஏறியதும் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் ஒரு மெக்கானிக்கைக் கேட்கச் சொல்லுங்கள்.

செல்ஃபை அழுத்தும்போது மோட்டார் மட்டும் சுற்றுகிறதா, 'கடக்' என்று உதைக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று நடந்தால், செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தால் இது சீக்கிரம் போகும். மாற்ற இன்ஜின் கவரைத் திறக்க வேண்டும். செலவு கணிசம், அதை விலையில் கழியுங்கள். கிக்கரிலும் ஒருமுறை கிளப்பிப் பாருங்கள். ஓட்டும்போது கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேஸ் எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். 2029-ல் புதுப்பிக்கும் செலவும் உங்களுடையது. இந்த மாடலில் ஏ.பி.எஸ். கிடையாது, மழையில் பிரேக்கை நிதானமாகப் பிடியுங்கள்.